பக்கவாதம் கடவுள் செயலா?



நமது நாட்டில் ஒருவனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்டால், முதலில் ஜோசியனைத்தான் தேடுகிறார்கள். சனி பிடித்தது என்கிறான் ஒருவன். பூர்வ ஜன்ம பாவம் என்கிறான் இன்னொருவன். செய்வினை என்று தாயத்துக் கட்டிக் காசு பறிக்கிறான் மூன்றாமவன். புறாவை அறுத்து இரத்தம் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டோ, வெடித்தோ வந்த நோய்க்குச் சனி என்ன செய்வான்? புறா என்ன செய்யும்? அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டியிருக்க, அந்த நேரத்தை மந்திரிப்பதில் கழிப்பது கொலைக்குச் சமானமல்லவா என்று கேட்கிறோம்.

அது ஒரு புறமிருக்க, பிழைத்தெழுந்தவனுடைய கையின் கதி என்ன? "தலையெழுத்து, இனி வராது" என்று மடியில் போட்டுவிடுகிறார்கள். மனைவியோ மருமகளோ சோறு ஊட்டுகிறாள், சட்டை மாட்டுகிறாள். இதற்கு அன்பு என்று பெயர். பலனோ, கை மேலும் முடங்குகிறது. அந்தப் பெண்ணும் ஆயுள் பூராவும் அடிமையாகிறாள்.

எட்வர்ட் டாப் என்னும் அமெரிக்க அறிஞர், உணர்ச்சி நரம்பு அறுக்கப்பட்ட கையைக் குரங்குகள் அசைக்க முடிந்தும் உபயோகியாமல் விடுவதையும், நல்ல கையைக் கட்டிவிட்டால் உபயோகிப்பதையும் கண்டார். மனிதரிடத்திலும் இதைச் சோதித்தார்கள். பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதமான 222 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2006ல் வெளிவந்தது. சிகிச்சை பெற்றவர்கள் 2 வாரம் நல்ல கைக்கு உறை மாட்டி, நோய்ப்பட்ட கையாலேயே தினம் பல மணி நேரம் வேலை செய்து பழகினார்கள். மற்றவர்களைவிட அவர்கள் கை அதிகம் தேறியது; ஓராண்டு கழித்தும் அந்தப் பலன் நிலைத்தது.

எல்லாக் கையும் இப்படித் திரும்பிவிடும் என்று நாம் புளுகவில்லை. மணிக்கட்டிலும் விரல்களிலும் சிறிதாவது அசைவு மீந்தவர்களுக்கே இம்முறை. புளுகுவது புரோகிதர் தொழில்; நமக்கு வேண்டாம்.

இவ்வைத்தியத்தில் மந்திரம் ஏதுமில்லை. டம்ளரைத் தூக்குவது, மாவு பிசைவது, துணி மடிப்பது, பயறு பொறுக்குவது, பொத்தான் போடுவது — இவைதான். கைவேலையை இழிவென்று சொல்லி, அதைச் செய்கிறவனைக் கீழ்ச்சாதியாக்கிய நாட்டில், அந்தக் கைவேலையே மருந்தாகிறது!

இத்தொழிலைக் கற்பிக்கும் முதல் பள்ளி இந்தியாவில் 1950ல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் ஏற்பட்டது. இத்தனை வருஷமாகியும் நம் கிராமத்தானுக்கு ஜோசியனைத் தெரிந்திருக்கிறது, இவ்வைத்தியரைத் தெரியவில்லை. கும்பாபிஷேகத்துக்கு வசூலிக்கும் ஊர், தாலுகா ஆஸ்பத்திரியில் இப்படி ஒருவரை நியமிக்கும்படி சர்க்காரை ஏன் கேட்கக்கூடாது? நோயாளி உள்ள வீட்டார் சோறூட்டுவதை நிறுத்தி, தக்க வைத்தியரைக் கலந்து, அந்தக் கையில் கரண்டியைக் கொடுங்கள். சிந்தினால் சிந்தட்டும்; தன் கையால் உண்பதே சுயமரியாதை.