காவலூருக்கு வாருங்கள், விளக்கைக் கீழே திருப்புங்கள்

ஆலங்காயம், வாணியம்பாடி, திருப்பத்தூர், ஜமுனாமரத்தூர் வட்டாரப் பொதுமக்களுக்கு:

ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் பெயர்ப்பலகையைக் கடந்து நம்மில் பலர் எத்தனையோ முறை போயிருப்போம். உள்ளே போனவர்கள் குறைவு. சனிக்கிழமைகளில் அது பொதுமக்களுக்காகத் திறந்திருக்கிறது. கட்டணம் கிடையாது. வளாகத்தைச் சுற்றிப் பார்க்கலாம். வானம் தெளிந்திருந்தால், இருட்டிய பிறகு 6 அங்குலத் தொலைநோக்கி வழியாக நிலாவையும் கோள்களையும் பார்க்கலாம். நாங்கள் கேட்பது இரண்டு: அங்கே குடும்பத்தோடு போய் வாருங்கள், அங்கே தெரிகிற வானம் கெடாமல் இருக்க உதவுங்கள்.

இலவசம் என்பதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பள்ளிச் சுற்றுலா என்று அறிவித்து, தலைக்கு இவ்வளவு என்று சொன்ன மறுநாளே சில பிள்ளைகள் எங்களுக்கு ஊர் பார்க்க விருப்பமில்லை என்று சொல்லிவிடுவார்கள். வீட்டு நிலைமையை வகுப்பில் சொல்ல முடியாமல் சொல்கிற பொய் அது என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். காவலூருக்குப் போக அந்தப் பொய் தேவையில்லை. நம் வரிப்பணத்தில் கட்டிய இடம். மலையில் கம்பு, சாமை விதைக்கிறவரின் மகளும் டவுனில் கடை வைத்திருப்பவரின் மகனும் ஒரே வரிசையில் நின்று ஒரே சனிக் கோளைப் பார்க்கலாம்.

அந்த இடம் நம் மலைக்கு வந்தது தற்செயலாக அல்ல. 1927-இல் சென்னையில் பிறந்தவர் வைணு பாப்பு. அமெரிக்காவில் மாணவராக இருந்தபோது, 1949-இல், ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். பிற்காலத்தில் சர்வதேச வானியல் ஒன்றியத்துக்கே தலைவரானார். தொலைநோக்கி வைக்க இடம் தேடிய அவர் காவலூரைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் இருட்டும் அதன் அட்சரேகையும். ஏறத்தாழ 12½ டிகிரி வடக்கில் இருப்பதால் வட வானத்தோடு தென் வானத்திலும் பெரும்பகுதி இங்கே தெரியும். அகத்தியர் நட்சத்திரம் நன்றாகவே மேலேறி வரும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அதை அடிவானத்துக்கு மேலே பார்க்கவே முடியாது.

1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு இங்கே வேலை தொடங்கியது. 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதே ஆண்டு, வியாழனின் நிலாவான கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது இங்கே எடுத்த பதிவு, அந்த நிலாவைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்று காட்டியது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தின் முன்னால் கடந்தபோது அதன் வளையங்கள் உலகுக்குத் தெரிய வந்தன. அன்று அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1988-இல் இங்கே கண்டுபிடித்த குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர்.

சனிக்கிழமை இரவு தொலைநோக்கியில் கண்ணை வைக்கிற குழந்தைக்கு வியாழனும் அதன் பக்கத்தில் ஒரே கோட்டில் நாலு புள்ளிகளும் தெரியும். அந்த நாலில் ஒன்றுதான் கனிமீடு. அதன் காற்றைத் தேடிய இடங்களில் இந்த வளாகமும் ஒன்று என்று அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று யாராவது சொன்னால், பாடப்புத்தகம் செய்ய முடியாத ஒன்று அங்கே நடக்கிறது. எங்கள் அனுபவத்தில், வரிசையில் ஒருமுறை பார்த்துவிட்ட பிள்ளைகள் மறுபடி கடைசியில் போய் நின்றுகொள்கிறார்கள்.

வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு வந்தால் ஏமாற்றம் இருக்காது. 1986-இல் திறந்த 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்க முடியாது. இரவு முழுக்க அது கருவிகளோடு ஆய்வு வேலையில் இருக்கும். நமக்கானது சிறிய தொலைநோக்கிதான். நிலாவின் பள்ளங்களுக்கும் சனியின் வளையத்துக்கும் அது தாராளமாகப் போதும்.

செல்போனைப் பையில் வைத்துவிடுங்கள். இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக ஏறக்குறைய இருபது நிமிடமாவது வேண்டும். யாரோ ஒருவர் டார்ச்சைத் தட்டினால் வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் அது பாழாகி, மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

இனி எங்களை உறுத்துகிற விஷயம். ஆலங்காயத்துப் பக்கமும் வாணியம்பாடிப் பக்கமும் அடிவானம் ஆண்டுக்காண்டு வெளுத்துக்கொண்டே வருகிறது. தெருவிளக்கே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வேலை முடிந்து இரவில் நடந்து வருகிற பெண்களுக்கு வெளிச்சம் கட்டாயம் வேண்டும். ஆனால் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ஃபோகஸ் லைட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சாய்வாக மாட்டியிருப்பார்கள். வெளிச்சத்தில் ஒரு பங்கு வாசலில் விழுகிறது, ஒரு பங்கு எதிரே வருகிற வண்டிக்காரர் கண்ணில் அடிக்கிறது, மிச்சம் வானத்துக்குப் போகிறது. வானத்துக்குப் போகிற அந்த மிச்சத்துக்கும் நாம்தான் கரண்ட் பில் கட்டுகிறோம். பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் பெரும்பாலும் ஒரு குறுகிய நிறத்தில் இருந்ததால் ஆய்வாளர்களால் அதை ஓரளவு வடிகட்ட முடிந்தது. வெள்ளை எல்இடி எல்லா நிறத்திலும் பரவுகிறது. அதிலுள்ள நீலம் காற்றில் அதிகம் சிதறி, வானத்தை வெளுக்க வைக்கிறது.

ஆகவே மண்டபம், பெட்ரோல் பங்க், செங்கல் சூளை, ரிசார்ட் நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: விளக்கின் முகத்தைத் தரையை நோக்கித் திருப்பி, மேலே ஒரு தகர மறைப்பு வையுங்கள். ஆள் நடமாட்டம் முடிந்த பிறகு விளம்பரப் பலகை விளக்கை அணைத்துவிடுங்கள். ஊராட்சி மன்றங்கள் அடுத்த முறை பல்பு மாற்றும்போது மஞ்சள் நிற எல்இடியைக் கேட்டு வாங்கலாம். தரைக்கு வரவேண்டிய வெளிச்சம் இதனால் குறையாது. சாலை இன்னும் தெளிவாகவே தெரியும்.

காவலூர் போக நினைக்கிற பலருக்கு இரவில் மலையிலிருந்து திரும்பி வருவதுதான் தடை. தனியார் பள்ளி வேன் வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு அரசுப் பள்ளிக்கோ மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளிக்கோ அந்த வேனைத் தர முன்வர வேண்டும். கல்லூரிகளில் இயற்பியல் படிக்கிற மாணவர்கள் எங்களோடு வந்து, வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும். சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது அதைச் சாதாரண மக்களும் புரிந்துகொள்வதற்காகச் சிறுநூல் எழுதி இந்திய மொழிகளில் வெளிவரச் செய்தார். நமக்குச் சனிக்கிழமைதோறும் ஆட்களும் கருவியும் பக்கத்திலேயே இருக்கின்றன.

கிளம்புமுன் அன்று பார்வை உண்டா என்று வானாய்வக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். தென்மேற்குப் பருவத்திலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மேகம் மறைக்கும். மலையில் ராத்திரி குளிரும். குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள். மேகம் மூடி ஒன்றும் தெரியாமல் திரும்ப நேர்ந்தால், அடுத்த சனிக்கிழமை மறுபடியும் வாருங்கள்.

இப்படிக்கு,
ஆலங்காயம் – வாணியம்பாடி வட்டார ஆசிரியர்கள், பெற்றோர்கள், மாணவர்கள்