மலை ஏறுமுன் ஏரியைச் சுற்றுங்கள்!

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து இளைஞர்கள் சிலருக்கு ஏலகிரி மோகம். ஜோலார்பேட்டை வரை ரயில். அப்புறம் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் சைக்கிளில் ஏறி, புங்கனூர் ஏரியைப் பார்த்துவிட்டு, மறுநாள் காட்டுப் பாதையில் சுவாமிமலை உச்சிக்கு நடை. கேட்கவே சந்தோஷம்தான். ஆனால், திங்கட்கிழமை என்னிடம் வருவதென்னவோ வீங்கிப்போன முழங்கால்!

மலைமேல் தப்பில்லை. ஆறு நாளும் உட்கார்ந்தே வேலை பார்த்துவிட்டு ஏழாம் நாள் திடீரென்று ஏறுவதுதான் தப்பு. பழக்கமில்லாத கடும் உழைப்பு வாதத்தைக் கிளப்பிவிடும் என்கிறது சித்த மருத்துவம். ஏறும்போது சிரமப்படுவது இதயம். இறங்கும்போது அடி வாங்குவது முழங்கால்.

ஆவடியில் பருத்திப்பட்டு ஏரிக்கரை எதற்கு இருக்கிறது? இரண்டு மாதம் தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடங்கள். மாடிப்படி ஏறி இறங்குங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் நெஞ்சு அடைத்தால், 'இன்னும் ரெண்டு வளைவுதானே' என்ற வீம்பு வேண்டாம். சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கோடையில் காட்டுப் பாதை வேண்டவே வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டோர் பலியானதை மறக்கலாமா? வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே நுழையாதீர்கள். மலை எங்கேயும் ஓடிப்போய்விடாது. முதலில் காலைத் தயார் பண்ணுங்கள்!