காலுக்குத் தெரிஞ்சது, எனக்குத் தெரியலை!

செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு வந்திருக்கேன். ஊர், கூடலூர். முதுமலையில மான் பார்த்துட்டு ஊட்டிக்குப் போறப்ப, பஸ்ல தூங்கிக்கிட்டே நீங்க தாண்டிப் போன அதே ஊர்தான்!

போன வாரம், சாயங்காலம் ஆறரை மணி. பால் பாக்கெட்டோட எஸ்டேட் பாதையில வர்றேன். திடீர்னு கால் நின்னுடுச்சு. ஏன்னு எனக்கே புரியலை. ரெண்டு, மூணு செகண்ட் கழிச்சுத்தான் மூங்கில் ஒடியுற சத்தம் 'கேட்டுச்சு'. யானை! மூச்சு விடாம அப்படியே பின்வாங்கி வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்ததும்தான் மண்டை குடைய ஆரம்பிச்சுது. 'நில்லு'ன்னு நான் சொல்லவே இல்லையே... அப்போ சொன்னது யாரு?

1988-ல, கார்பன் மோனாக்சைடு புகையால ஒரு பெண்ணோட மூளை பாதிச்சுது. ஆய்வாளர்கள் வெச்ச பேரு 'டி.எஃப்.' பார்வை முழுசாப் போகலை. ஆனா எதிர்ல இருக்குற பொருளோட உருவம் புரியாது. தபால் பெட்டி மாதிரி ஒரு துவாரத்தைக் காட்டி, 'நேரா இருக்கா, சாய்ஞ்சிருக்கா?'ன்னு கேட்டாங்க. சொல்லத் தெரியலை. 'சரி, இந்த அட்டையை உள்ளே போடுங்க'ன்னாங்க. கை தானாத் திரும்பி, கரெக்டா போட்டுடுச்சு! 1991-ல மெல்வின் குட்டேல், டேவிட் மில்னர் குழு இதை வெளியிட்டுச்சு. நமக்கே தெரியாம நமக்குள்ள இன்னொருத்தர் பார்க்குறார். சென்னை ஸ்டான்லியில படிச்ச நம்ம வி.எஸ்.ராமச்சந்திரன், 1998-ல வந்த தன்னோட புத்தகத்துல, இவருக்கு 'ஸோம்பி'ன்னே பேரு வெச்சிருக்கார்!

காதும் இப்படித்தான். ஹாஸ்டல் மெஸ் இரைச்சல்ல, யாரோ உங்க பேரைச் சொன்னா மட்டும் டக்குனு கேட்குதே... எப்படி?

எங்கம்மா இருபது வருஷமா கொழுந்து எடுக்குறாங்க. வாய் ஊர்க்கதை பேசும். கை பாட்டுக்கு ரெண்டு இலை, ஒரு மொட்டுன்னு கிள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கும். 'எப்படிம்மா பார்க்காமலே எடுக்குற?'ன்னேன். யோசிச்சாங்க. கை நின்னுடுச்சு. 'கேக்காதடா, கேட்டா வராது!'ன்னு சிரிச்சாங்க.

ஆனா ஒண்ணு பாஸ், அந்த உள்ளே இருக்குற ஆளுக்கும் இன்புட் வேணும். தினமும் அந்தப் பாதையில நான் இயர்போன் மாட்டி, ஃபுல் வால்யூம்ல பாட்டு கேட்டுக்கிட்டுதான் வருவேன். அன்னிக்கு சார்ஜ் இல்லை, அவ்வளவுதான். இருந்திருந்தா? யானை அடிச்சு ஆள் போறது எங்க ஊருக்குப் பழகிப்போன துக்கம். இந்த வாரம் இந்தப் பக்கத்தை வேற யாராவது எழுதியிருப்பாங்க.

அவர் தப்பும் பண்ணுவார். மறுநாள் ஒரு கறுப்புப் பாறையைப் பார்த்து ரெண்டு தடவை நின்னேன். பரவாயில்லை. பாறைக்கு நின்னா ரெண்டு நிமிஷம்தான் போகும். யானைக்கு நிக்காம விட்டா?

உங்க ஊர்ல யானை இல்லாம இருக்கலாம். லாரி இருக்கு, ரயில் தண்டவாளம் இருக்கு. ரோட்டுல மட்டுமாவது அந்த இயர்போனைக் கழட்டிடுங்க, ப்ளீஸ்!