வெறுந்திரையில் மறைந்த கிணறுகள்

புவியியல் பயிலும் மாணவர்க்கு இக்காலத்தில் மையும் வரைகோலும் மட்டும் போதா. கணினியிலே தேசப்படம் வரையும் பயிற்சியும் வேண்டும். இதற்குரிய மென்பொருள்களுள் 'கியூஜிஸ்' விலையின்றிக் கிடைப்பது. அதனைக் கையாள்வோரை முதலில் மலைக்க வைக்கும் இடர் ஒன்றை இவ்வாரம் ஆராய்வோம்.

யாழ்ப்பாணத்து மாணவி ஒருத்தி வீடு வீடாகச் சென்று, கிணறுகளின் இருப்பிடங்களையும் நீரின் உவர்ப்பையும் திரட்டினாள் என வைத்துக்கொள்வோம். தரவைக் கணினியில் ஏற்றியதும் அடுக்கின் பெயர் பட்டியலிலே தோன்றுகின்றது. திரையோ வெறுமையாய்க் கிடக்கின்றது. உழைப்பெல்லாம் வீணாயிற்றென்று எண்ணி அடுக்கை அழித்துவிடலாகாது. பெரும்பாலும் தரவு அழிந்திராது. வேறோர் இடத்திற் போய் நிற்கும்.

முதலிற் பெயரருகேயுள்ள கட்டத்திற் சரியடையாளம் உண்டாவெனக் காண்க. அடுத்து அட்டவணையைத் திறந்து, நிரைகள் உளவாவென நோக்குக. குறிப்பிட்ட அளவுத்திட்டத்தில் மட்டும் தோன்றுமாறு அடுக்கு அமைக்கப்பட்டிருப்பினும் திரை வெறுமையாகும். இவையெல்லாம் செவ்வனே இருப்பின், பெயரின்மீது வலப்பொத்தானை அழுத்தி 'சூம் டு லேயர்' என்பதைத் தெரிவு செய்க. கிணறுகள் தோன்றிவிடும். அவை எங்கே நிற்கின்றன என்பதே நோயின் குறி.

யாழ்ப்பாண நகரம் அகலக்கோடு 9.67 பாகை வடக்கிலும், நெடுங்கோடு 80.02 பாகை கிழக்கிலும் உள்ளது. இவ்விரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தால், கிணறுகள் வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார்ட் தீவுகளின் அருகே பனிக்கடலிற் போய் நிற்கும்.

இலங்கைக்கே உரிய பிழை மற்றொன்று. பிதுருதலாகலையைத் தொடக்கமாகக் கொண்ட பழைய ஆள்கூற்று முறையில் அவ்விடத்துக்கு இட்ட எண்கள் இரண்டும் 200,000 மீற்றர். 1999ஆம் ஆண்டு முறையில் அவை 500,000 மீற்றர். பழைய முறையில் அமைந்த தரவைப் புதியதென்று கொண்டால், யாழ்ப்பாணம் மேற்கே 300 கிலோமீற்றரும் தெற்கே 300 கிலோமீற்றரும் பெயர்ந்து, கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள கடலில் விழும்.

இத்தகைய பிழைக்கு 'செட் லேயர் சீ.ஆர்.எஸ்.' என்பதன்மூலம் உண்மையான முறையை அறிவித்தல் வேண்டும். இதனால் எண்கள் மாறா. பெயர் மட்டுமே திருந்தும். ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு எண்களையே மாற்றவேண்டின், 'ரீபுரொஜெக்ட் லேயர்' என்னும் வேறு கருவி உண்டு. போத்தலின் சீட்டை மாற்றுவதால் உள்ளிருக்கும் மருந்து மாறுமா? முன்னதைச் செய்யவேண்டிய இடத்திற் பின்னதைச் செய்வோரே பெரிதும் இடர்ப்படுகின்றனர்.

இன்னொன்று. 'ஷேப்' கோவை என்பது தனிக் கோவையன்று. ஒரே பெயருடைய பல கோவைகளின் தொகுதி. அவற்றுள் 'பி.ஆர்.ஜே.' என முடிவது ஆள்கூற்று முறையைச் சொல்லும். நண்பரிடம் பெறுகையில் அதனை விட்டுவந்தால், தரவு ஊர் பேரற்றதாகிவிடும்.

வெறுந்திரை உண்மையில் நல்லதோர் எச்சரிக்கை. பிழையுண்டென்பதை அது மறைப்பதில்லை. அஞ்சவேண்டியது, சரிபோலத் தோன்றும் படத்தையே. நம் நாட்டுத் தேசப்பட முறை எவரெஸ்ட் 1830இல் வகுத்த புவியுருவைத் தழுவியது. கைத்தொலைபேசி காட்டும் இடமோ வேறோர் உருவைத் தழுவியது. இவ்வேறுபாட்டைக் கணியாது விட்டால் ஏறக்குறைய 200 மீற்றர் பிசகும். உவர்நீர்க் கிணறு ஒருவர் வளவிலிருக்க, படமோ அடுத்த ஒழுங்கையிலுள்ள நன்னீர்க் கிணற்றைச் சுட்டும். அதனை நம்பிக் குடிநீர்த் திட்டம் வகுத்தால் யாது நேரும்?

ஆதலின் மாணவர்களே, படம் தோன்றியதும் மகிழ்ந்து எழுந்துவிடாதீர்கள். நீங்கள் நன்கறிந்த சந்தியொன்றோ குளமொன்றோ தனக்குரிய இடத்தில் நிற்கின்றதாவென ஒருமுறை ஒப்புநோக்குங்கள். அதன்பின்னரே அப்படத்தைப் பிறர் கையிற் கொடுங்கள்.