டியூனிங் இலவச இணைப்பு அல்ல

“அண்ணே, எத்தனை எச்.பி. ஏறும்?” மைவியில் டர்போ போட வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். டர்போ, இன்டர்கூலர், பைப்பிங் என்று விலை சொன்னால் தலையாட்டுகிறார். இசியூ டியூனிங்குக்குத் தனித் தொகை என்றதும் முகம் மாறுகிறது. நாமும் “சரி, அதைச் சும்மா செஞ்சு தர்றேன்” என்று விட்டுக்கொடுத்துவிடுகிறோம். அந்தச் சும்மா வேலை ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். ஜார்ஜ்டவுன் பட்டறைகளுக்குப் பிஸ்டன் உடைந்து திரும்பும் கார்களைக் கெடுத்தது டர்போ அல்ல, இந்தச் சும்மாதான் என்பது என் கணிப்பு.

மைவியின் 1298 சிசி கே3-விஇ இன்ஜினில் அழுத்த விகிதம் 10:1. அதே இன்ஜினுக்கு டைஹாட்சுவே டர்போ பூட்டிய கே3-விஇடி-யில் 8.5:1. புரோட்டோனும் 1.6 கேம்ப்ரோவை சிஎஃப்இ ஆக்கியபோது விகிதத்தை 8.9க்கு இறக்கியது, ஸ்ட்ரோக்கைக் குறைத்ததால் 1597 சிசி 1561 ஆனது. இன்ஜினைச் செய்தவனே உள்ளே கை வைக்காமல் பூஸ்ட் ஏற்றவில்லை. நாம் 10:1 பிஸ்டனை அப்படியே விட்டு அரை பார் ஏற்றுகிறோம். கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் பிஸ்டன் தராத பாதுகாப்பை டைமிங்கும் பெட்ரோல் மேப்பும் தந்தாக வேண்டும்.

அரை பார் என்றால் காற்று ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 6000 சுற்றில் 80 விழுக்காடு திறந்திருந்த இன்ஜெக்டரிடம் 120 விழுக்காடு கேட்கிறோம். அது எங்கே போகும்? சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பினாங்கு மதியத்தில் 35 டிகிரியில் நுழையும் காற்று, 70 விழுக்காடு திறனுள்ள கம்ப்ரசரைத் தாண்டும்போது 90 டிகிரியைத் தொடும். பாலத்து நெரிசலில் ஊர்ந்து வந்த காரில் இன்டர்கூலரே கொதித்துக் கிடக்கும்.

பிக்கிபேக் பெட்டி மலிவுதான். ஆனால் டர்போ இல்லாத காரின் மேப் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் படிக்க அமைந்ததல்ல. கூடவே வந்த ஆக்சிஜன் சென்சாருக்கோ 14.7:1ஐ ஒட்டிய கலவை மட்டுமே தெரியும். பூஸ்ட்டில் நமக்கு வேண்டியது 11.5 முதல் 12 வரை. வைட்பேண்ட் இல்லாமல் அந்த எண்ணைச் சொல்கிறவர் ஜோசியம் சொல்கிறார்.

டைனோ காகிதத்தை நீட்டுவதோடும் வேலை முடியாது. அங்கே எதிரே பெரிய விசிறி, டாங்கியில் ரோன் 97, ஏர்கோன் அணைந்திருக்கும். வாடிக்கையாளரோ மாதக் கடைசியில் 95 ஊற்றி, நாலு பேரை ஏற்றி, ஏர்கோனைப் போட்டுக்கொண்டு, பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாகப் பாலிக் புலாவ் போவார். அந்த ஏற்றத்துக்குத்தான் மேப் பொருந்த வேண்டும். மதிய வெயிலில், 95 ஊற்றி, நாக் சத்தம் கேட்கும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதே வளைவுகளில் மூன்றாம் கியரில் ஏற்றிப் பாருங்கள். நின்றதும் பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானை லென்ஸில் பாருங்கள். மிளகுத்தூள் போலக் கரும்புள்ளி தெரிந்தால் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுங்கள். வெள்ளிப் பொட்டுகள் மின்னினால் அது பிஸ்டனின் அலுமினியம். காரை இழுத்துக்கொண்டு பட்டறைக்குத் திரும்புவதே மேல்.

ஹாஃப்-கட் வாங்கிக் கஞ்சிலில் ஜேபி-ஜேஎல் இறக்குகிறவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. ஜப்பான்காரன் பிஸ்டன், டர்போ, இசியூ மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தியே அனுப்பியிருக்கிறான். அவனுடைய சாதாரணப் பெட்ரோல் 90 ரோன் அளவுதான், நம் 95 தாராளம். பூஸ்ட்டைக் கூட்டாதவரை இது பொருந்தும். இன்ஜின் மாற்றத்துக்கு ஜேபிஜே அனுமதியும் சோதனையும் வேண்டும் என்பதை வாடிக்கையாளரிடம் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி பில்லில் டியூனிங்கைத் தனி வரியாக எழுதுவோம்: எத்தனை மணி நேரம், எந்தப் பெட்ரோலுக்கு, எவ்வளவு பூஸ்ட் வரை. மேப் கோப்பின் நகலும் வாடிக்கையாளர் கையில் இருக்கட்டும். நாளை வேறு பட்டறைக்குப் போனால் அங்கிருப்பவர் இருட்டில் துழாவ வேண்டியதில்லை. பக்கத்துப் பட்டறையில் சும்மா செய்கிறார்களே என்று அவர் கேட்டால், அங்கே பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்களா என்று விசாரித்து வரச் சொல்லுங்கள்.