முகத்துக்கும் அளவு எடுக்கணும் சார்!

மதுரை புது மண்டபத் தூண்களுக்கு நடுவே தையல் மெஷின்கள் கடகடத்த காலம். "என் ஃப்ரெண்டு அளவிலேயே எனக்கும் ஒரு சட்டை தைச்சிடுங்க" என்றால், டைலர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். சட்டைக்கே அப்படி. முகத்துக்கு?

நான் அளவே எடுக்கவில்லை. ரூம்மேட்டுக்குப் பரு மறைந்து முகம் பளபளத்தது. அலமாரியில் அவன் டியூப். எடுத்தேன், பூசினேன். முதல் வாரம் ஜோர்! "என்ன சார், பொண்ணு பார்த்தாச்சா?" என்று ஆபீஸில் விசாரணை வேறு. ரெண்டாம் மாசம் முகம் மிளகாய்ப்பழம். வெயிலில் எரிச்சல். பூசுவதை நிறுத்தினால், போன பரு சொந்தபந்தத்தோடு திரும்பி வந்தது.

கோரிப்பாளையம் பக்கம் ஒரு தோல் டாக்டர். டியூபைத் திருப்பிப் பார்த்தார்.

"இது ஸ்டீராய்டு தம்பி. பருவைப் போக்காது, வரவழைக்கும். எப்படி நிறுத்தணும்னு நான் சொல்றேன்."

2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. ரூம்மேட் அலமாரிக்கு ஏது சட்டம்?

பிறகு அளவு எடுக்க ஆரம்பித்தார். தலைக்கு என்ன எண்ணெய்? ஹெல்மெட் பட்டை உரசுற இடமா? வேற மாத்திரை சாப்பிடறீங்களா? முதுகிலும் இருக்கா? தழும்பு விழுதா?

"வெறும் கரும்புள்ளி, வெண்புள்ளின்னா ராத்திரியில அடாபலீன் போதும். சிவந்து சீழ் வச்சா பென்சாயில் பெராக்ஸைடும் சேரும். இன்னும் அதிகம்னா கொஞ்ச நாள் டாக்ஸிசைக்ளின். ஆழமா கட்டி கட்டியா வந்து தழும்பு விழுந்தா ஐசோட்ரெட்டினாய்ன். அதுக்கு உடம்பு எடை பார்த்துத்தான் டோஸ். கர்ப்பிணி சாப்பிட்டா வயித்துக் குழந்தைக்கே ஆபத்து. அதனால பாவம்னு வீட்டுல யாருக்கும் தூக்கிக் கொடுத்துடாதீங்க."

"எப்ப சார் சரியாகும்?"

"8 வாரமாவது பொறுங்க. ஒரு வாரத்துல பளபளன்னா சந்தேகப்படுங்க. அப்புறம், பெராக்ஸைடு பட்டா துணி வெளுத்துடும், ஜாக்கிரதை."

வெளியே வந்தால் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறான்... ரூம்மேட்! முகத்தைக் கர்ச்சீப்பால் மறைத்துக்கொண்டு. அவனுக்குக் கிடைத்த சீட்டை எட்டிப் பார்த்தேன். வெறும் அடாபலீன். எனக்குப் பெராக்ஸைடும் உண்டு. ஒரே ரூம், ஒரே மெஸ் சாப்பாடு, ஒரே டியூபால் கெட்ட முகம். வைத்தியம் மட்டும் வேற வேற.

திருந்திவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

மறுவாரம் பார்த்தால், அவனுடைய நீலத் தலையணை உறையில் திட்டுத் திட்டாக வெள்ளை!