புகழும் புண்ணும்

மார்பில் ஏற்ற புண்ணை விழுப்புண் எனப் போற்றியது தமிழ். அம்மரபில் வந்தோர், காயத்தோடு களத்தில் நிற்கும் விளையாட்டு வீரனைக் கண்டு நெஞ்சம் நெகிழ்தல் இயல்பே. ஆயினும், போர்க்களம் வேறு, ஆடுகளம் வேறு.

2002-ஆம் ஆண்டு மே திங்களில், மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய ஆண்டிகுவாவில் இந்தியக் கிரிக்கெட் அணி ஆடியது. மட்டை பிடித்து நின்ற அனில் கும்ப்ளேயின் முகத்தில் பந்து தாக்கியது; தாடையெலும்பு முறிந்தது. அவரோ, தலையையும் மோவாயையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு மீண்டும் களம் புகுந்தார். 14 ஓவர்கள் வீசிப் பிரையன் லாராவை வீழ்த்தினார். மறுநாள் அறுவை மருத்துவத்தின் பொருட்டுத் தாயகம் புறப்பட்டார். இதனைப் பாராட்டாதார் யார்? எனினும், ஒன்று கருதத் தக்கது. முறிந்தது தாடை, பந்து வீசும் கைக்கு அதனால் ஊறில்லை. அதன் பின்னரும் 2008 வரை அவர் ஆடினார்.

தொழிலுக்கு முதலாகிய உறுப்பே நோயுற்றால் என் செய்வது? அமெரிக்க நாட்டில் பேஸ்பால் ஆடிய சாண்டி கோஃபாக்ஸ் இடக்கையால் பந்தெறிவதில் நிகரற்றவர். அவ்விடக்கையின் முழங்கை மூட்டையே வாதநோய் பற்றியது. ஊசி வழியே மருந்து ஏற்றுவர். மிளகாய்ச் சாரம் கலந்த, எரிக்கும் களிம்பைத் தடவுவர். ஆட்டம் முடிந்ததும் முழங்கையைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்துவர். வலி மறைந்ததேயன்றி நோய் தீரவில்லை. வலி என்பது உடம்பு விடுக்கும் தூது. தூதுவனின் வாயைக் கட்டிவிட்டால் பகை விலகிவிடுமா? 1966-இல் 27 ஆட்டங்களில் வெற்றி தேடித் தந்த கோஃபாக்ஸ், அவ்வாண்டின் நவம்பரிலேயே ஆட்டத்தைத் துறந்தார். அப்போது அவருக்கு வயது 30. ஆண்டு ஊதியம் 1,25,000 டாலர். எஞ்சிய வாழ்நாளைக் குறையற்ற உடம்போடு வாழ வேண்டும் என்பதே அவர் கூறிய காரணம். இதனைக் கோழைமை என்பார், தம் கையைக் கொடுத்துப் பிறர் கைதட்டலை வாங்குவாரா?

எல்லோர்க்கும் அத்துணிவு வாய்ப்பதில்லை. ஊதியத்திற்கு ஆடுபவனுக்கு, ஒருநாள் ஒதுங்கினால் தன் இடம் பறிபோகுமோ என்னும் அச்சம் உண்டு. அவனை நம்பிய குடும்பமும் உண்டு. அரங்கம் ஆரவாரிக்கும் வேளையில், ‘ஆட இயலுமா?’ என்று வினவினால், ‘இயலும்’ என்பதன்றி அவன் வேறு என் சொல்வான்? ஆகவே, அம்முடிவை அவனிடமும் விடலாகாது. வெற்றியை விரும்பும் பயிற்றுநரிடமும் விடலாகாது. வெற்றி தோல்வியில் பங்கில்லாத மருத்துவரிடமே விடல் வேண்டும்.

1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக் பந்தயத்தில், 18 வயதுடைய கெரி ஸ்டிரக் முதல் தாவலில் கணுக்காலில் அடிபட்டார். பயிற்றுநர் ஊக்க, மறுமுறையும் தாவி, ஒற்றைக் காலில் நின்று வணங்கினார். அமெரிக்க மகளிர் பொற்பதக்கம் பெற்றனர். பின்னர் மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தபோது, அவ்விரண்டாம் தாவல் இல்லாதிருப்பினும் பதக்கம் அவர்களுக்கே உரியதாகியிருக்கும் என்பது புலனாயிற்று. அவர் தகுதி பெற்றிருந்த தனிப்போட்டிகளிலோ, அவருக்கு மாற்றாக வேறு வீராங்கனையர் ஆடினர்.